துட்டி கேட்க வந்தவர்

ஜூன் 1, ஞாயிறு

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பரணில் கிடந்ததை இந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். "ஆள் மேல எரிஞ்சு விழுறதை எல்லாம் இனிமே இதுல எழுதும்மா. எங்க காது கொஞ்சம் குளிரும்" என்கிறாள். என் மகள்தானே, என் வாய்தான் அவளுக்கும் இருக்கும்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தைத் திறந்தால், கோடை முழுக்க எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. பேருக்குத்தான் நான் அமைப்பாளர். சமையல்காரம்மாவுக்கு முட்டி வலி, அதனால் விளக்குமாறும் என் கையில்தான்.

சாயங்காலம் கொழுந்தன் ராமசுப்பு வந்தார். காப்பியைக் குடித்து முடிக்கிறவரை விஷயத்தைச் சொல்லவில்லை. அப்போதே தெரியும், ஏதோ வில்லங்கம் என்று.

"மதினி, இந்துவுக்கு ஒரு வரன் வந்திருக்கு. சாத்தூர்ப் பையன், நல்ல இடம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்காக. பொண்ணோட அப்பா இருக்காகளா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லணும்ல?"

"காணாமப் போயிட்டாகன்னு சொல்ல வேண்டியதுதானே, தம்பி."

"ஒன்பது வருசமாவா மதினி? பத்திரிகையில என்னன்னு போடுறது? ராமேஸ்வரத்துல தர்ப்பைப் புல்லுல உருவம் பண்ணிக் காரியம் செஞ்சுருவாகளாம். அண்ணன் ஆத்மாவுக்கும்..."

"புல்லைக் கொளுத்திட்டு நான் பொட்டை அழிக்கணுமா? எந்திரிங்க தம்பி, இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க."

போய்விட்டார். பாவம், கெட்ட மனுஷர் இல்லை. ஆரம்பத்தில் அண்ணனைத் தேடித் திருப்பதி, பழனி, பெங்களூர் என்று அலைந்தவர் அவர்தான்.

ஜூன் 3, செவ்வாய்

முட்டை வந்தது. அடித்தட்டு முழுக்க விரிசல். கொண்டுவந்தவனிடம் சண்டை.

ஜூன் 5, வியாழன்

புதிதாக வந்திருக்கும் டீச்சர் கேட்கிறாள், "உங்க வீட்டுக்காரர் எதுக்குக்கா போனாரு?" வந்து நாலு நாள் ஆகவில்லை, என் கதையை யாரோ ஊதிவிட்டார்கள்.

எதுக்குப் போனார் என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் போஸ்டர் ஒட்டுகிறேன்? வீட்டில் ஒரு சண்டை சச்சரவு கிடையாது. காலையில் இட்லி சாப்பிட்டார். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். செருப்பு மாட்டினார், போனார். வேன் ஓட்டுவதை அதற்கு ரெண்டு மாதம் முன்னாடியே விட்டுவிட்டார். அந்த விஷயமெல்லாம் கேஸ் முடிந்து, பேசி முடித்து, ஆறிப்போன கதை.

தபால் ஆபீஸ் தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடம் பக்கம்தான். நான் சுற்றித்தான் போகிறேன். அந்தத் தெருவில் வெயில் அதிகம். "அங்கதான் வேப்பமரமா நிக்குதேம்மா" என்கிறாள் இந்து. இவளை யார் கேட்டது?

ஜூன் 8, ஞாயிறு

பதினொன்றாம் தேதி வருகிறது, அவர் போன நாள். வருஷா வருஷம் அன்றைக்குப் போஸ்டர் ஒட்டுவேன். மேலே பெரிதாகக் 'காணவில்லை'. நடுவில் படம். கீழே, 'வீட்டை விட்டு வெளியே சென்றவர் இதுவரை வீடு திரும்பவில்லை.' தமிழ்நாட்டில் எல்லாப் போஸ்டரிலும் இதே வரிதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அச்சகத்துத் தங்கமாரியப்பன் மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருக்கிறாராம். கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். போனில் பேசினேன். போட்டோ, பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் அனுப்பினேன். "புதன்கிழமை தேதி போட்டு, மத்ததெல்லாம் வழக்கம்போல" என்றேன்.

"சரிங்கம்மா, வழக்கம்போலப் போட்டுருதேன்" என்றான். எவ்வளவு மரியாதையான பையன் என்று நினைத்தேன்.

இந்த நம்பரை மாற்றச் சொல்லி இந்து நச்சரிக்கிறாள், லோன் வேண்டுமா என்று நாளைக்குப் பத்துப் பேர் கூப்பிடுகிறார்களாம். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நம்பர் மாற்றுவது பெரிய அலைச்சல்.

ஜூன் 11, புதன்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

விடிந்ததும் தண்ணீர் வந்தது. ஒன்பது நாள் கழித்து வருகிற தண்ணீர், குடம் குடமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒப்பாரி. பால்கார லட்சுமியும் கீழ்வீட்டுக்காரிகளும் தலையில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். யார் வீட்டுக்கு என்று எட்டிப் பார்த்தால், என் வீட்டுக்கு.

"போயிட்டாகளா ராசா! ஒரு வார்த்தை சொல்லலையே செண்பகம்!"

குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. தண்ணீர் வழிந்து தெருவரை ஓடியது. இந்து ஓடிப்போய் முக்குச் சுவரில் பார்த்துவிட்டு வந்தாள். என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "அம்மா, அப்பாவுக்கு ஒண்ணுமில்லை. தப்பா அடிச்சுட்டாங்க" என்றாள்.

'கண்ணீர் அஞ்சலி'. அதே படம். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. பெருமாள்சாமி அவர்கள் இன்று இறைவனடி சேர்ந்தார் என்று இன்றைய தேதி.

அச்சகத்துக்குப் போய் அந்தப் பையனைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவன் அழுகிற மாதிரி நிற்கிறான். "போட்டோவும் பேரும் தேதியும் மட்டும் அனுப்புனா, அது சாவுக்குத்தாம்மா இருக்கும். நூத்துக்குத் தொண்ணூறு அதுதாம்மா வருது. கேட்டா மனசு கஷ்டப்படுவீகன்னு கேக்கலை."

அதுவும் வாஸ்தவம்தான். இந்த ஊரில் சாவு வீட்டுக்காரர்களை யாரும் ரெண்டாம் தடவை கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்து தலை நிறையப் பூ வைத்துக்கொண்டேன். நாலு முழம்.

ஜூன் 12, வியாழன்

தங்கமாரியப்பன் திருப்பூரிலிருந்து போனில் கெஞ்சினார். "எல்லாத்தையும் இன்னைக்கே கிழிக்கச் சொல்றேன்மா."

"நம்ம தெருவுலயும் பள்ளிக்கூடத்துப் பக்கமும் கிழிக்கச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுல மெதுவாப் பாத்துக்கலாம்" என்றேன். வெயிலில் ஆளை அலையவிட வேண்டாமே என்றுதான்.

நேற்றிலிருந்து எவ்வளவு பேர்! ஒன்பது வருஷம் 'காணவில்லை' என்று ஒட்டினேன், ஒரு ஈ காக்கை என்ன ஏது என்று வாசல் ஏறவில்லை. செத்துவிட்டார் என்றால் மட்டும் கடலைமிட்டாய்க் கம்பெனிக்காரரிலிருந்து பழைய வேன் கிளீனர்வரை வந்துவிட்டார்கள். சாவு வீட்டில் வந்து துட்டி கேட்காமல் இருந்தால் ஊர் தப்பாகப் பேசும் அல்லவா? "பெருமாள்சாமி மாதிரி நிதானமா வண்டி ஓட்ட ஆள் கிடையாது" என்கிறார் ஒருவர். அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே ஐயா.

எல்லோரிடமும் தப்புப் போஸ்டர் என்று சொல்லித்தான் அனுப்பினேன். கடைசியில் சொன்னேன்.

பொழுது சாயும் நேரம் ஜெயராணி வந்தாள், தபால் ஆபீஸ் தெரு ஜெயராணி. வாசலிலேயே நின்றாள். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

அவர் ஓட்டிய வேன் பின்பக்கமாக வரும்போது சக்கரத்தில் கால் மாட்டிய குழந்தை அவள் மகள் நிஷா. ஒன்றாம் வகுப்பு. கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"மதினி, அன்னைக்கு அவ என் கையை உதறிட்டு ஓடுனா. நான் போன்ல பேசிக்கிட்டே விட்டுட்டேன். அண்ணன் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சாக. ஆனா ஸ்டேஷன்ல, பாக்காம எடுத்துட்டாகன்னுதான் சொன்னேன். அண்ணன் வந்து என் வாசல்ல நின்னு கும்பிட்டாக. நான் கதவைச் சாத்திட்டேன். இருக்கும்போது சொல்ல வாய் வரலை. இப்ப அவுக படத்துக்கு முன்னாலயாவது சொல்லிட்டுப் போறேன்."

படம் எங்கே என்று சுற்றிலும் பார்த்தாள். மாலை போட்ட படம் இந்த வீட்டில் இல்லை.

"அவுக சாகலை ஜெயராணி. போஸ்டர் தப்பு" என்றேன். அவள் சொல்லி முடிக்கட்டும் என்றுதான் அதுவரை இருந்தேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நிஷா எப்படி இருக்கிறாள் என்று இந்துதான் கேட்டாள்.

"நல்லா நடக்கா. புதுக் கால் போட்டிருக்கோம். பதினொண்ணாம் வகுப்பு. பஸ்ஸுல அவளேதான் ஏறிப் போறா."

ஜூன் 13, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும். விட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் வாசலில் ஒரு மனுஷர் நிற்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் பாலிதீன் பைக்குள் ரோஜா மாலை. பின்னால் அவர் சம்சாரம்.

"ஏனுங்கக்கா, பெருமாள்சாமியண்ணன் ஊடுங்களா? எடுத்துப் போட்டாங்களா?"

மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்று எனக்கு அலுப்பு. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவர் பெயர் சென்னியப்பன், ஊர் வெள்ளக்கோயில். தேங்காய் உடைத்துக் காயப்போடும் களத்தில் மேஸ்திரி. திருச்செந்தூர் போகிற வழியில் பஸ் இங்கே கோயில்பட்டியில் நின்றதாம். ஜன்னல் வழியே போஸ்டரைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே இறங்கிவிட்டார்கள்.

"மனசு கெடந்து அடிச்சுக்கிச்சுங்கக்கா. ஆனாலும் ஒரு நிம்மதிங்க. எப்படியோ ஊடு வந்து சேந்துட்டாரே. பொண்டாட்டி புள்ளைக கையால தண்ணி குடிச்சுட்டுப் போயிருக்காரு. அது போதுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த வீட்டுக்கு வந்தாக? யாரைச் சொல்லுதீக?"

"அண்ணனைத்தானுங்க. எங்க களத்துல எட்டு வருசத்துக்கு மேல இருந்தாருங்களே."

இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து ஏமாற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடது கைச் சுண்டுவிரல் வளைந்திருக்கும் என்பார்கள், அது போஸ்டரிலேயே இருக்கிறது. அதனால் போஸ்டரில் இல்லாததைக் கேட்டேன். "தூங்கும்போது எப்படி?"

சென்னியப்பன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "பல்லைக் கடிப்பாருங்க. நறநறன்னு. பக்கத்துல ஒரு பய படுக்க மாட்டான்."

அவரேதான். நான் தரையில் உட்கார்ந்தேன். இந்துவையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

பிறகு அவர் சொன்னது எல்லாம். களத்துக்கு நடந்துதான் வந்தாராம். வண்டி என்றால் ஆகாதாம். கூலியாட்கள் டிராக்டரில் ஏறிப் போனால் இவர் பின்னாலேயே நடந்து போவாராம். யாரிடமும் ஊர் சொல்லவில்லை. ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ வாட்ஸ்அப்பில் என்னுடைய போஸ்டரைக் காட்ட, சென்னியப்பன் கேட்டிருக்கிறார்.

"எங்கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டாருங்க, சொல்லக் கூடாதுன்னு. உசுரோட இருக்கறவருக்குக் குடுத்த சத்தியம்ங்கக்கா, மீற முடியலீங்க. இப்ப அவரே போயிட்டாரு, இனி யாருக்குங்க அந்தச் சத்தியம்? அதான் வந்தனுங்க."

"அப்புறம்?" என்றாள் இந்து.

"பொங்க முடிஞ்ச மறுவாரம், ஒரு நாள் காத்தால குளிச்சு, துணி மாத்தி நின்னாருங்க. 'சென்னி, ஊருக்குக் கெளம்பிட்டேன். பொண்ணுக்குக் கல்யாண வயசாச்சு. தாரை வாக்க அப்பன் போய் நிக்கணும்ல'ன்னாரு. பஸ்ஸுக்குக் கொண்டுபோய் உடறேன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கலீங்க. நடந்தே போயிக்கறேன்னாரு. தாராபுரம் ரோட்டுல திரும்புற வரைக்கும் பாத்துட்டே நின்னேனுங்க."

நானும் இந்துவும் வாசலையே பார்த்தோம். அவர் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். மாலைப் பையை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வரலையே அண்ணே" என்றேன். "இங்க வரலையே!"

சென்னியப்பன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். துட்டி கேட்க வந்த மனுஷருக்கு நான் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று.

ஜூன் 14, சனி

அடுப்பு பற்ற வைக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நல்லா வருது வாயில். எட்டு வருஷமா தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாராம்! இங்கே ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் பெயர் தெரியாத பிணத்துப் படத்தைக் காட்டுவார்கள். முகம் இருக்கிறதும் இல்லாததுமாக அத்தனையையும் நான் பார்த்தேன். பிள்ளைக்கு ஸ்கூலில் அப்பா பெயர் எழுதும்போதெல்லாம் பேனா நின்றது. ஜெயராணி கதவைச் சாத்தினாள் என்றால் என் கதவு திறந்துதானே இருந்தது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கூடப் போய் அவள் வாசலில் உட்கார்ந்திருப்பேனே. படுபாவி மனுஷா, வா, வந்து என் கையால் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொள்.

கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றவர் நடந்தே வெள்ளக்கோயில்வரை போயிருக்கிறார். அந்தக் காலைப் பிடித்துவிட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 16, திங்கள்

ராமசுப்புவிடம் சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "புல்லைக் கொளுத்தச் சொன்னேனே மதினி" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சாத்தூர்க்காரர்களிடம் போனில் அவரே பேசினார். "பொண்ணோட அப்பா இருக்காக. வந்துக்கிட்டு இருக்காக" என்றார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கும் போனோம். ரைட்டர் வயசான மனுஷர், பொறுமையாகக் கேட்டார். ஆள் கடைசியாக இருந்த இடத்தில் புதிதாகப் புகார் கொடுக்க வேண்டுமாம். எழுந்து வரும்போது, "தையில கெளம்புனவரும்மா. இது ஆனி. நடந்து வந்தாலும் ஒரு பத்து நாள்தான்" என்றார். எனக்குத் தெரியாதா அது? அந்தக் கணக்கை நான் வெள்ளிக்கிழமையே போட்டு முடித்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

நானும் இந்துவும் ராமசுப்புவும் வெள்ளக்கோயில் போய் வந்தோம். களத்தைப் பார்த்தேன். பரந்த சிமெண்ட் தரை, கண் கூசுகிற வெயிலில் தேங்காய் மூடிகள் மல்லாந்து கிடக்கின்றன. அவர் படுத்த இடம் ஒரு தகரக் கொட்டகை. சென்னியப்பன் புகார் கொடுக்கக் கூடவே வந்தார்.

திரும்பும்போது கார் வைத்து, ரோட்டோரம் இருக்கிற டீக்கடை, கோயில், சத்திரம் எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். தாராபுரத்தில் ஒரு டீக்கடைக்காரருக்கு நினைவிருந்தது. வடை வாங்கி, பாதியை நாய்க்குப் போட்டாராம். ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட் வாசலில் பூ விற்கிற அம்மா, "இவரா? கோயில்பட்டிக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டாரே" என்றாள். அதற்கு இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. திண்டுக்கல்லிலும் மதுரையிலும் ஆஸ்பத்திரிகளில் படம் காட்டினார்கள். பார்த்தோம். இந்துவை வெளியே நிற்கச் சொன்னேன், கேட்கவில்லை. நானும் பெரியவள்தான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதில் அவர் இல்லை. இல்லை என்றதும் வருகிற மூச்சு இருக்கிறதே, அது வெட்கம் கெட்ட மூச்சு. அந்தப் படத்தில் இருப்பவனுக்கும் யாரோ ஒருத்தி இருப்பாள்.

ஜூன் 27, வெள்ளி

இன்று தபால் ஆபீஸ் தெரு வழியாகப் போனேன். வேப்பமரம் நல்ல நிழல்தான்.

ஜெயராணி வீட்டுக் கதவைத் தட்டினேன். நிஷாதான் திறந்தாள். உயரமாகிவிட்டாள். உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். போகிறபோதும் வருகிறபோதும் நான் அவள் காலைத்தான் பார்த்தேன். லேசாக ஒரு சாய்வு, அவ்வளவுதான்.

ஜெயராணியிடம் ஒன்று கேட்டேன். அவள் மகளைப் பார்த்தாள். "போடுங்க அத்தை" என்றாள் நிஷா.

ஜூன் 29, ஞாயிறு

அச்சகம். தங்கமாரியப்பன் திருப்பூரிலிருந்து வந்துவிட்டார், அவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். தாராபுரத்திலிருந்து சாத்தூர்வரை ரோடு முழுக்க ஒட்டுகிற மாதிரி வேண்டும் என்றேன். கூலி வேண்டாம், காகிதத்துக்கு மட்டும் கொடுங்கள் என்றார்.

'காணவில்லை' வந்தது. படம் வந்தது. பழக்கதோஷத்தில் கீழே 'வீட்டை விட்டு வெளியே சென்றவர்' என்று அடிக்க ஆரம்பித்தார்.

"அதை அழிங்க" என்றேன்.

"அதாம்மா எல்லாத்துலயும் போடுறது."

"இவுகளுக்கு அது இல்லை. இப்படிப் போடுங்க. வீட்டுக்குக் கிளம்பியவர். வழியில் பார்த்தவர்கள் சொல்லவும்."

அடித்தார். ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குக் கீழ, போன் நம்பருக்கு மேல, இன்னொரு வரி. பெரிய எழுத்துல. தூரத்துல நடந்து வர்றவுகளுக்கும் தெரியணும்."

"சொல்லுங்கம்மா."

"நிஷா நடக்கிறாள்."

விரலை அப்படியே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிஷா யாரும்மா? படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாதே."

"படிக்க வேண்டியவருக்குப் புரியும். அடிங்க" என்றேன்.